பத்தியமும் பந்தியும்

பிளானோ நகரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் தமிழ்க் குடும்பங்கள் நான்கைந்து கூடி உண்ணும் பந்தியைச் சற்றுக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். ஒருவர் சோறு தொடுவதில்லை. அடுத்தவர் நெய்க் கிண்ணத்தைக் கண்டதும் இலையைக் கையால் மூடிக்கொள்கிறார். மூன்றாமவர் தினையும் சாமையும் தவிர எதுவும் ஆகாது என்கிறார். நான்காமவர் பகல் ஒரு மணி வரை பச்சைத் தண்ணீர் தவிர வேறெதுவும் அருந்துவதில்லை. ஒரு மணிக்கு மேல் அவர் உண்ணும் வேகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. பரிமாறுகிற அம்மாள் யாருக்கு எதை வைப்பது என்று தெரியாமல் கரண்டியும் கையுமாக நிற்கிறார்.

இவர்கள் கடைப்பிடிப்பதற்குத் தமிழில் பொருத்தமான பழைய சொல் ஒன்று உண்டு: பத்தியம். ஆனால் பழைய வைத்தியத்தில் பத்தியம் என்பது மருந்து உண்ணும் காலத்துக்கு மட்டும் உரியது. பிள்ளை பெற்றவளுக்கு இத்தனை நாள், காமாலைக்கு இத்தனை நாள் என்று கணக்கு இருந்தது. மருந்து முடிந்ததும் பத்தியமும் முடியும். நோயாளி மறுபடியும் பந்தியில் வந்து உட்காருவார். நோய் வருமுன்பே தொடங்கி ஆயுள் முழுவதும் நீடிக்கும் பத்தியம் இந்தக் காலத்துப் புதுமை. திருக்குறளில் ‘மருந்து’ என்று பெயரிட்ட 95-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதல்ல, உண்ணும் அளவையும் பசியையும் பற்றியது என்பதைக் காணலாம். எதை அறவே விலக்குவது என்ற பட்டியல் அங்கே இல்லை.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியானபோது, இந்தியாவில் சுமார் 10 கோடி 10 லட்சம் பேருக்கு நீரிழிவும், 13 கோடி 60 லட்சம் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. அமெரிக்காவில் குடியேறிய தெற்காசியர்களும் இதற்கு விலக்கல்ல. அவர்களுடைய இதய நோயையும் நீரிழிவையும் ஆராய்வதற்கென்றே 2010-ல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் சிகாகோவிலும் ‘மசாலா’ என்ற பெயரில் ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கப்பட்டது. ஆகவே உணவைப் பற்றிய கவலை நியாயமானதே. எந்த உணவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்பதில்தான் தடுமாற்றம். அந்தத் தடுமாற்றத்துக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதில் தமிழருடைய சோற்றுப் பானைக்கும் முக்கியமான இடம் உண்டு.

மலாய் நாட்டில் புழுங்கல் அரிசி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்காசியா முழுவதையும் பெரிபெரி என்ற நோய் வாட்டியது. கால் மரத்துப் போகும், வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்று போகும். சிறைகளிலும் சுரங்கங்களிலும் கப்பல்களிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். கிருமியால் வரும் நோய் என்றே பலரும் நம்பினர். ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகளுக்கு இதைப் போன்ற நோய் வருவதையும், தவிட்டோடு கூடிய அரிசியைக் கொடுத்தால் குணமாவதையும் 1890-களில் கண்டார். ஆயினும் கோழிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா என்ற சந்தேகம் தீரவில்லை.

மலாய் நாட்டில் பணியாற்றிய பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே தண்ணீர். ஆனால் ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளருக்குப் பெரிபெரி வருகிறது. தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளருக்கு அநேகமாக வருவதில்லை. சீனர் உண்டது சயாம் நாட்டிலிருந்து வந்த வெள்ளை வெளேரென்ற தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது தம் ஊரில் உண்ட அதே புழுங்கல் அரிசி. தோட்டத் தொழிலாளர் செல்வந்தர் அல்லர். அவர்கள் பட்ட மற்றத் துன்பங்களுக்கு அளவில்லை. எனினும் கடல் கடந்து போனபோது அவர்கள் விடாமல் பற்றிக்கொண்ட ஒரு வழக்கம் இந்த ஒரு நோயிலிருந்து அவர்களைக் காத்தது.

1905-ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பகுதிக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவிப் பலர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே அது பரவவில்லை. கட்டிடத்தில்தான் தோஷமோ என்று இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றிப் பார்த்தார். நோய் அரிசியைத்தான் தொடர்ந்து போயிற்று, கட்டிடத்தை அல்ல. அடுத்த சில ஆண்டுகளில் ஃப்ரேசர், ஸ்டான்டன் என்ற இருவர், அரிசியைத் தீட்டும்போது வெளியேறும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்று நிலைநாட்டினர். அந்தப் பொருளுக்கே பின்னர் தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் பெயர் வந்தது. எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

புழுங்கல் அரிசியில் நடப்பது இதுதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்கள் நீரோடு சேர்ந்து அரிசியின் உள்ளே இறங்குகின்றன. மாவுப் பொருள் இறுகிக்கொள்வதால், பின்னர் தீட்டினாலும் களைந்தாலும் அவை அவ்வளவாகப் போய்விடுவதில்லை. அரிசியும் குருணையாக நொறுங்குவது குறைகிறது. இட்லிக்குப் புழுங்கல் அரிசி, நைவேத்தியத்துக்குப் பச்சரிசி என்று பிரித்து வைத்த பாட்டிமார்களுக்குத் தயமின் என்ற பெயர் தெரியாது. பலன் மட்டும் கிடைத்து வந்தது.

டெக்ஸாஸ் வாசிகளுக்கு இதில் இன்னொரு சுவையான செய்தி உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காகப் புழுங்கல் முறையில் அரிசி தயாரித்த ஆலை, இதே மாநிலத்து ஹூஸ்டன் நகரில்தான் அமைந்தது. யுத்தம் முடிந்த பின் அது ‘அங்கிள் பென்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. தஞ்சாவூர்க் களத்துமேட்டில் அண்டாவில் நெல் அவித்த முறையின் ஆலை வடிவமே அது.

குன்னூர் தந்த தீர்ப்பு

இனி நீலகிரிக்கு வருவோம். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையை ஒதுக்கி 1918-ல் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. அதற்குப் பொறுப்பேற்றவர் அயர்லாந்தில் பிறந்து இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்த ராபர்ட் மக்கரிசன். அந்த ஓர் அறைதான் வளர்ந்து 1928-ல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடம் என்று பெயர் பெற்றது. 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. இந்தியாவின் உணவு விஞ்ஞானம் முழுவதற்கும் தாய்வீடு ஒரு தமிழ்நாட்டு மலையூர்.

மக்கரிசன் செய்த எலிச் சோதனை உலகப் பிரசித்தி பெற்றது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் ஆகாரத்தை அப்படியே தயாரித்து, ஒரே வயதுள்ள எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்தார். கூண்டும் வெளிச்சமும் சுத்தமும் எல்லாக் கூட்டத்துக்கும் ஒன்றே. சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. பட்டாணியர், மராட்டியர் என்று வரிசை இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வங்காளியும், அவருக்கும் கீழே மதராஸியும் நின்றனர். மதராஸ் உணவை உண்ட எலி சோனியாக இருந்தது.

இந்தத் தீர்ப்பு வேகமாகப் பரவியது. கோதுமை உண்பவன் பலசாலி, சோறு உண்பவன் சோப்ளாங்கி என்ற எண்ணம் படித்தவர் மனத்தில் பதிந்தது. இன்றைக்கும் சர்க்கரை நோய் என்றதும் இரவில் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறிவிடும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. நான்கு சப்பாத்தியில் உள்ள மாவுச்சத்து, அளவான ஒரு கிண்ணம் சோற்றில் உள்ளதைவிட அதிகம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால் சோதனையைக் கூர்ந்து படித்தால் தீர்ப்பு அதுவல்ல. சீக்கியர் தட்டில் இருந்தது வெறும் கோதுமையா? தவிடு நீக்காத கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, கீரை, பழம், எப்போதாவது கொஞ்சம் மாமிசம் ஆகிய எல்லாம் இருந்தன. மதராஸ் ஏழையின் தட்டில் இருந்தது தீட்டிய அரிசி. பாலும் பருப்பும் காயும் பேருக்குத்தான். தோற்றது அரிசி அல்ல, தனியாக நின்ற அரிசி. இதற்கு மக்கரிசனே சாட்சி தந்தார். ஆங்கிலேய ஏழைகள் உண்ணும் வெள்ளை ரொட்டி, மார்கரின், டப்பா மாமிசம், ஜாம், சர்க்கரைத் தேநீர் ஆகியவற்றை இன்னொரு எலிக் கூட்டத்துக்குக் கொடுத்தபோது அவையும் நோயுற்று நலிந்தன. ஒன்றையொன்று கடித்துத் தின்னவும் தொடங்கின. அங்கே இருந்தது கோதுமை ரொட்டிதான். கோதுமை தனியே நின்று காப்பாற்றவில்லை.

மக்கரிசனுக்குப் பின் 1935-ல் பொறுப்பேற்ற ஆக்ராய்ட், தென்னாட்டு விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டோடு கொழுப்பு நீக்கிய பால் பொடியைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் முன்னேறினர். சோற்றை நிறுத்தவில்லை, சோற்றுக்குத் துணை சேர்த்தார், அவ்வளவுதான். 1937-ல் அவர் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து அட்டவணை பல பதிப்புகள் கண்டது. கேழ்வரகில் நூறு கிராமுக்கு 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பது போன்ற விவரங்கள் நம் நாட்டார் கைக்கு வந்தது இந்த வரிசை நூல்களால்தான்.

பின்னர் அந்நிறுவனத்தை ஹைதராபாத்தில் நடத்தியவர் சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் சி. கோபாலன். அவர் காலத்தில் உலகமெங்கும் புரதம், புரதம் என்ற கூக்குரல் எழுந்தது. ஏழைக் குழந்தைகளுக்குப் புரத மாவுகளை அனுப்பினால் போதும் என்று மேல்நாட்டு நிபுணர்கள் கருதினர். கோபாலனும் அவருடன் பணியாற்றியவர்களும் அதை மறுத்தனர். அந்தக் குழந்தைகளுக்கு வயிறு நிறையவே உணவு இல்லை. வழக்கமான தானியமும் பருப்பும் போதிய அளவு கிடைத்தாலே புரதத் தேவையின் பெரும்பகுதி நிறைவேறிவிடும் என்று காட்டினர். 2019-ல் நூறாண்டு கடந்து மறைந்த அவர், தனி ஒரு சத்தைத் தெய்வமாக்குவதும் தவறு என்பதைச் சொல்லிச் சென்றார்.

இந்த அறிவைச் சட்டியில் ஏற்றிக் காட்டியது தமிழ்நாட்டின் சத்துணவு. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920-ல் சிறிய அளவில் ஆரம்பித்து, காமராஜர் ஆட்சியில் 1956-ல் மாநிலத் திட்டமாகி, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் பெருந்திட்டமாக விரிந்து, 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. சோறு, பருப்பு, காய், பிற்பாடு முட்டை என்று படிப்படியாக அந்தத் தட்டு நிறைந்தது. எந்தக் கட்டத்திலும் அது பத்தியமாக இருந்ததில்லை. அது பந்தி.

அமெரிக்காவின் பத்தியங்கள்

மேல்நாட்டின் கதை வேறு. லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர், ரொட்டியும் சர்க்கரையும் உருளைக்கிழங்கும் விட்டு உடல் இளைத்த வரலாற்றை 1863-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். உடல் இளைக்கும் புத்தகங்களின் வியாபாரத்துக்கு அதுவே பிள்ளையார் சுழி. அன்று முதல் இன்று வரை பத்தாண்டுக்கு ஒரு முறை விரோதி மாறிக்கொண்டே வருகிறான். ஒரு காலத்தில் மாவு, ஒரு காலத்தில் கொழுப்பு, மறுபடியும் மாவு.

பட்டினி மனிதனை என்ன செய்யும் என்பதை அமெரிக்காவே ஒரு முறை அளந்து பார்த்தது. யுத்தத்தால் பட்டினி கிடந்த ஐரோப்பியரைத் தேற்றுவது எப்படி என்று அறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 1944-ன் இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். ஆயுதம் ஏந்த மறுத்த 36 வாலிபர்கள் தாமே முன்வந்தனர். 24 வாரம் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கலோரிதான் உணவு. எடையில் கால் பங்கு குறைந்தது. அதோடு நிற்கவில்லை. அவர்கள் கனவிலும் நனவிலும் சாப்பாட்டையே நினைத்தனர், சமையல் புத்தகங்களைச் சேகரித்தனர், சிடுசிடுத்தனர், நண்பர்களை வெறுத்தனர், குளிரில் நடுங்கினர். கட்டுப்பாடு நீங்கியதும் பலர் வயிறு நிறைந்த பின்னும் நிறுத்த முடியாமல் உண்டனர். உடலுக்குப் பஞ்சத்துக்கும் பத்தியத்துக்கும் வித்தியாசம் தெரியாது என்பதே இதன் பாடம். இன்று கடைகளில் விற்கும் எடை குறைக்கும் பத்தியங்கள் பலவற்றின் கலோரிக் கணக்கு இந்தச் சோதனையின் கணக்குக்கு மேலே இல்லை. ஜனவரியில் இளைத்தவர் தீபாவளிக்குள் பழைய எடைக்கே திரும்பினால், அது அவருடைய மனவுறுதிக் குறைவு என்று சொல்வது அநீதி.

1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் தமிழர் இந்த நாட்டுக்குத் திரளாக வரத் தொடங்கினர். அப்போது இங்கே கொழுப்புதான் விரோதி. 1977-ல் செனட் குழு ஒன்று உணவு இலக்குகளை வெளியிட்டது. 1992-ல் வந்த உணவுப் பிரமிடு, தானியத்தை 6 முதல் 11 பங்கு வரை அடித்தளமாக வைத்தது. டல்லாஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் ரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை ஈரல் எப்படி அகற்றுகிறது என்பதைக் கண்டறிந்து 1985-ல் நோபல் பரிசு பெற்றனர். அது மகத்தான கண்டுபிடிப்பு; இன்றைய இதய மருந்துகள் பலவற்றுக்கு அதுவே வழி காட்டியது. நெய்யும் தேங்காய் எண்ணெயும் மிகுந்தால் கெட்ட கொலஸ்டிரால் உயரும் என்பதும் உண்மையே. ஆனால் சாதாரண மக்கள் காதில் விழுந்தது ‘கொழுப்பு கூடாது’ என்ற ஒரே வாக்கியம். வேர்க்கடலையும் பாதாமும் சேர்ந்து தள்ளப்பட்டன. அந்த இடத்தைக் ‘கொழுப்பு நீக்கியது’ என்று சீட்டு ஒட்டிய பிஸ்கட்டும், சோற்றில் இன்னொரு கரண்டியும் பிடித்துக்கொண்டன. ஏற்கெனவே மாவு மிகுந்த தமிழர் தட்டில் மாவு இன்னும் ஏறிற்று. டிரைகிளிசரைடு என்ற மற்றொரு கொழுப்பு ரத்தத்தில் உயர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே டல்லாஸில் இன்னொரு குரலும் ஒலித்தது. ‘ஏரோபிக்ஸ்’ என்ற நூலை 1968-ல் எழுதிய டாக்டர் கென்னத் கூப்பர் 1970-ல் இங்கே தம் நிலையத்தைத் தொடங்கினார். அங்கே பரிசோதனைக்கு வந்த பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆண் பெண்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 1989-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. உடற்பயிற்சித் திறன் மிகக் குறைந்தவர்களிடையே மரண விகிதம் மிக அதிகம். சற்றே நடந்து பழகிய அடுத்த படியினருக்கே அது வெகுவாகக் குறைந்தது. எடைத் தராசு காட்டாத செய்தி இது.

சென்னை சொன்ன செய்தி

தராசை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு நம்மவர் உடலே சான்று. புனே நகர டாக்டர் யாக்னிக்கும் லண்டன் பேராசிரியர் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு குறிப்பு வெளியிட்டனர். உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. தசை குறைந்து வயிற்றில் கொழுப்புச் சேர்வது நம்மவர் உடல்வாகு. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2015 முதல் ஆசியருக்கு அந்த விகிதம் 23-ஐத் தொட்டாலே சோதனை செய்யச் சொல்கிறது. இத்தகைய உடலைப் பட்டினி போட்டால் கொழுப்போடு சேர்ந்து, ஏற்கெனவே குறைவாயிருக்கும் தசையும் கரையும். எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகளை மருத்துவர் ஆலோசனைப்படி எடுத்துக்கொள்வோரும் இதை நினைவில் வைக்க வேண்டும். பசி குறைந்தாலும் பருப்பும் பயிற்சியும் குறையக் கூடாது.

இந்தச் சரித்திரத்தில் மிகவும் ஆறுதலான அத்தியாயம் சென்னையில் எழுதப்பட்டது. நீரிழிவின் முன்நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் மூன்றாண்டு நடத்திய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு மூன்றாண்டில் நீரிழிவு வந்துவிட்டது. தினமும் அரைமணி நேரம் நடை, தீட்டிய தானியத்திலும் சர்க்கரையிலும் எண்ணெயிலும் சிக்கனம், நார்ச்சத்து மிகுந்த உணவு என்று பழக்கம் மாற்றியவர்களில் அது 39 சதவீதத்தினருக்கே வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை உண்டவர்களும் ஏறக்குறைய அதே பலனைத்தான் பெற்றனர். பழக்கம் மாற்றியவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனாலும் நோய் விலகி நின்றது. அமெரிக்காவில் 2002-ல் வெளியான இதே வகை ஆய்வில் எடை குறைப்பே இலக்கு. பலன் 58 சதவீதம் என்று இன்னும் அதிகம். எனவே எடை குறைந்தால் நல்லதுதான். ஆனால் தராசு முள் அசையவில்லை என்று மனமுடைந்து நடையையும் கீரையையும் கைவிடுகிறவர், கைக்கு வந்த பலனைத் தூர எறிகிறவர் ஆவார்.

சிறுதானியத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்தியா முழுவதும் லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது. இந்தியர் உணவில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்தால் மட்டும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மொத்த மாவைச் சற்றுக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் வகைப் புரதத்தை வைத்தபோதுதான் குறைந்தது. குன்னூர் எலிகள் சொன்னதும் இதுவே. தானியத்தின் பெயரை மாற்றுவது பெரிதல்ல. தானியத்தோடு யார் துணைக்கு வந்து உட்காருகிறார்கள் என்பதே பெரிது.

பந்திக்குத் திரும்புதல்

கலிபோர்னியாவின் உணவு ஆலோசகர்களான ஈவ்லின் டிரிபோல், எலிஸ் ரெஷ் இருவரும் 1995-ல் பத்தியத்தைக் கைவிட்டு, பசியையும் திருப்தியையும் கவனித்து உண்ணச் சொல்லும் நூல் ஒன்றை வெளியிட்டனர். அந்தக் கருத்து அமெரிக்காவுக்குப் புதிதாகத் தோன்றியது. வீட்டுப் பெரியவர்கள் ‘அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், கால் வயிறு காலி’ என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பழைய பாடம். ஆயினும் பத்தியம் வேண்டாம் என்பது கட்டுப்பாடே வேண்டாம் என்பதல்ல. நீரிழிவு வந்துவிட்டவருக்கு அளவு உண்டு, மருந்து உண்டு, பரிசோதனை உண்டு. குறிப்பாக, இன்சுலினும் சிலவகைச் சர்க்கரை மாத்திரைகளும் எடுத்துக்கொள்கிறவர் மருத்துவரைக் கேளாமல் ஏகாதசி உபவாசம் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயங்கி விழ நேரலாம். மருந்தின் அளவை முன்கூட்டியே மாற்றிக்கொண்டு இருக்கும் உபவாசமே விவேகமானது.

ஹைதராபாத் நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்வதும் சுருக்கமானதே. தானியத்திலிருந்து வருவது கலோரியில் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். குறைந்தது எட்டு வகை உணவுகளிலிருந்து சத்து வரட்டும். இதைத் தமிழர் இலைக்குப் பெயர்த்தால் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. இலையில் பாதி கூட்டும் பொரியலும் கீரையும், கால் பகுதி சோறு, கால் பகுதி கெட்டிப் பருப்பும் சுண்டலும், பக்கத்தில் தயிர். சோற்றை மலையாகக் குவித்து, பொரியலை ஓரத்தில் பொட்டு வைப்பது போல் வைக்கும் வழக்கத்தைத் தலைகீழாக மாற்றினால் போதும்.

கோயில் பிரசாதத்தைக் கண்டு பயந்து ஒதுங்குகிறவர்களும் யோசிக்கலாம். ஊரில் சர்க்கரைப் பொங்கல் ஒரு சிறு தொன்னையில் வந்தது. பலருக்கு உள்ளங்கையளவே கிடைத்தது. இங்கே அது காகிதத் தட்டு நிறைய வந்தது. மாறியது பண்டம் அல்ல, பாத்திரம். தொன்னையளவு பொங்கலால் யாருக்கும் நீரிழிவு வருவதில்லை. நவராத்திரி ஒன்பது நாளும் வகைவகையாகச் செய்யும் சுண்டலில், நூறு கிராம் உலர்ந்த கடலைக்குச் சுமார் 20 கிராம் புரதம். நிபுணர்கள் லட்சம் பேரை ஆராய்ந்து ‘சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது, கொலுப் படிக்கு முன்னால் கிண்ணத்தில் காத்திருக்கிறது. அது ஒன்பது நாளோடு நிற்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

பிளானோவில் கோடை வெயில் நூறு டிகிரியைத் தாண்டும். பக்கத்துக் கடைக்கும் காரில்தான் போக வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பெயர் போன ஃப்ரிட்டோ-லே நிறுவனத்தின் தலைமையகமும் இந்த ஊரில்தான். ஆனால் விடியற்காலையில் நடப்பதற்கு ஓக் பாயின்ட், ஆர்பர் ஹில்ஸ் போன்ற பூங்காக்களும் இதே ஊரில் இருக்கின்றன. உண்ட பின் பத்து நிமிடம் வீதியில் உலாவினாலும் ரத்தத்தில் சர்க்கரையின் ஏற்றம் தணியும்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாய்த் தோட்டத்துக்குப் போன தமிழர், தம் புழுங்கல் அரிசியைக் கைவிடாததால் ஒரு கொடிய நோயிலிருந்து தப்பினர். இன்று கடல் கடந்து வந்தவருக்குக் குறைவு அரிசி அல்ல. அரிசிக்குத் துணையான பருப்பும் கீரையும் நடையும், கூடி உட்கார்ந்து அமைதியாக உண்ணும் நேரமும்தான். அவற்றைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால், பரிமாறும் அம்மாள் கரண்டியோடு தயங்கி நிற்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே பந்தி போதும்.